மின் இணைப்பும் எரிவாயு இணைப்பும்: விண்ணப்பிக்கும் முன் தருமபுரி, கிருஷ்ணகிரி மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலக்கோட்டில் சிறிய கணினி மையம் நடத்துகிறேன். என் மேசைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கரண்ட் இணைப்புக்காகவோ கேஸ் இணைப்புக்காகவோ வருகிறார்கள். மஞ்சள் பையிலிருந்து எல்லாக் காகிதங்களையும் எடுத்து வைத்து, “எது வேண்டுமோ நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி” என்பார்கள். ஒன்றுக்குச் செல்லுகிற காகிதம் இன்னொன்றுக்குச் செல்லாது என்பதே பலருக்குத் தெரியாது. இதனால் அரூரிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன்.

இரண்டுமே வீட்டுக்கு வரும் இணைப்புதானே? விண்ணப்ப முறை ஏன் இவ்வளவு மாறுகிறது?

மின் இணைப்பு இடத்துக்குத் தரப்படுகிறது. சிலிண்டர் குடும்பத்துக்குத் தரப்படுகிறது. குழாய் வழி எரிவாயு, குழாய் போகும் தெருவுக்குத் தரப்படுகிறது. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மின்சார அலுவலகம் முதலில் கேட்பது, “இந்த இடம் யாருடையது? இங்கே இருக்க உங்களுக்கு என்ன உரிமை?” என்பதுதான். அதனால் அங்கே பட்டா, கிரயப் பத்திரம், வீட்டு வரி ரசீது ஆகியவற்றுக்குத்தான் மதிப்பு. கேஸ் ஏஜென்சியில் முதல் கேள்வி, “நீங்கள் யார்? உங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே இணைப்பு இருக்கிறதா?” என்பது. அங்கே ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு ஆகியவை பேசும். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது அவர்களுக்குப் பொருட்டல்ல. குழாய் எரிவாயு நிறுவனமோ காகிதத்தைப் பார்ப்பதற்கு முன்பே தெருவைத்தான் பார்க்கும்.

தேர்வு செய்யும் உரிமையிலும் வேறுபாடு உண்டு. சிலிண்டருக்கு இண்டேன், பாரத், எச்.பி. என்ற மூன்றில் உங்கள் பகுதியில் வழங்குவதைத் தேர்ந்தெடுக்கலாம். மின்சாரத்துக்கு நமக்கு இருப்பது ஒரே கழகம். முன்பு மின்சார வாரியமாக இருந்து, 2010இல் டான்ஜெட்கோ ஆகி, 2024இல் மீண்டும் பிரிக்கப்பட்டு இப்போது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று வழங்கப்படுவது அதுதான். குழாய் எரிவாயுவுக்கும் ஒரு பகுதிக்கு ஒரு நிறுவனம்தான் உரிமம் பெற்றிருக்கும்.

புது வீடு கட்டுகிறேன். எதற்கு முதலில் விண்ணப்பிக்க வேண்டும்?

மின்சாரத்துக்கு. அதிலும் கட்டுமானத்துக்கான தற்காலிக இணைப்பை முதலில் வாங்குங்கள். பக்கத்து வீட்டிலிருந்தோ, தோட்டத்து மோட்டார் இணைப்பிலிருந்தோ ஒயர் இழுத்துக் கலவை எந்திரம் ஓட்டுவது நம் பக்கம் சாதாரணமாக நடக்கிறது. அது விதிமீறல். இணைப்பு எந்தப் பயன்பாட்டுக்குத் தரப்பட்டதோ அதற்கு வெளியே பயன்படுத்தினால், மின்சாரச் சட்டம் 2003இன் 126ஆம் பிரிவின்படி உரிய கட்டண வீதத்தைப்போல் இரு மடங்கு கணக்கிட்டு வசூலிப்பார்கள். அந்தத் தொகையைக் கட்டப்போவது உதவி செய்த பக்கத்து வீட்டுக்காரர் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

சிலிண்டருக்குச் சமையலறை தயாரான பிறகு போனால் போதும்.

மின் இணைப்புக்கு என்னென்ன காகிதம் வேண்டும்?

விண்ணப்பம் இணையத்தில்தான். உரிமைக்கு ஒரு சான்று வேண்டும்: கிரயப் பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது ஆகியவற்றில் ஒன்று. அடையாளத்துக்கு ஆதார். இடம் பலருக்குக் கூட்டாக இருந்தால் மற்றவர்களின் ஒப்புதல் கடிதம். வயரிங் முடிந்ததற்கு, தகுதி பெற்ற மின் ஒப்பந்ததாரர் தரும் சான்று. பெரிய கட்டடங்களுக்குக் கட்டட நிறைவுச் சான்றும் கேட்பார்கள். சிறிய வீடுகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு.

விண்ணப்பத்தில் எல்லாரும் தடுமாறும் இடம் மின்பளு. எத்தனை கிலோவாட் என்று கேட்கும்போது வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லாதீர்கள். வீட்டில் இருக்கப்போகும் விளக்கு, விசிறி, மிக்சி, கிரைண்டர், பிரிட்ஜ், தண்ணீர் மோட்டார், இஸ்திரிப் பெட்டி, கெய்சர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிக்கொண்டு வாருங்கள். 4 கிலோவாட் வரை ஒருமுனை இணைப்பு, அதற்கு மேல் மும்முனை. குறைத்துப் போட்டால் பிறகு பளு உயர்த்த மறுபடியும் ஒரு விண்ணப்பம், மறுபடியும் அலைச்சல். கூட்டிப் போட்டால் தேவையில்லாமல் கட்டணம் ஏறும்.

பட்டா இறந்துபோன மாமனார் பெயரில் இருக்கிறது. கணவரும் இல்லை. எனக்கு இணைப்பு கிடைக்குமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்கா. மாமனார் கட்டிய பழைய ஓட்டு வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை கட்டிக்கொண்டு, பழைய வீட்டு மீட்டரிலிருந்து ஒரு ஒயர் இழுத்து ஒன்பது மாதம் ஓட்டியிருக்கிறார். கொழுந்தனாரோடு மனஸ்தாபம் வந்ததும் ஒயர் போய்விட்டது. பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் எமர்ஜென்சி விளக்கில் படிக்கிறாள் என்றார். அவர் பையில் இருந்த கேஸ் புத்தகம், குடும்ப அட்டை, ஆதார் எல்லாம் அவர் பெயரிலேயே ஒழுங்காக இருந்தன. சிலிண்டர் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. மின்சாரத்துக்கு மட்டும் அவர் பெயரில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

கிடைக்கும். வழி இதுதான். முதலில் தாசில்தார் அலுவலகத்தின் மூலம் மாமனாருக்கும் கணவருக்கும் வாரிசுச் சான்று. பிறகு மற்ற வாரிசுகளிடம் ஒப்புதல் கடிதம். அவர்கள் தர மறுத்தால்தான் பலர் மனம் உடைந்து விட்டுவிடுகிறார்கள். விட வேண்டாம். மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, ஓர் இடத்தின் உரிமையாளரோ அங்கே குடியிருப்பவரோ கேட்டால் மின்சாரம் தர வேண்டும் என்கிறது. குடியிருப்பவர் என்ற அந்தச் சொல் மிக முக்கியமானது. உரிமையாளரின் ஒப்புதல் கிடைக்காதபோது, சட்டப்படி அங்கே குடியிருப்பதற்கான சான்றைக் கொடுத்து, பின்னால் சிக்கல் வந்தால் நானே பொறுப்பு என்னும் ஈட்டுறுதிப் பத்திரம் எழுதித் தந்து, வழக்கமான வைப்புத்தொகையைப்போல் இரு மடங்கு கட்டி இணைப்புப் பெற தமிழ்நாட்டு மின் பகிர்மான விதித்தொகுப்பிலேயே வழி இருக்கிறது.

அந்த அக்காவின் விண்ணப்பத்தை ஒரு பிரிவு அலுவலகத்தில், “பட்டா உங்கள் பெயரில் இல்லையே அம்மா” என்று வாய்மொழியாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மறுப்பதென்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்கும்படி சொல்லி மறுபடியும் அனுப்பினேன். எழுத்தில் கேட்டதும் விதித்தொகுப்பைப் புரட்டிப் பார்த்தார்கள். மீட்டர் வந்தது. எழுத்தில் கேளுங்கள் என்று எல்லாரிடமும் நான் சொல்வது இந்த அனுபவத்தால்தான்.

வாடகை வீட்டில் இருக்கிறேன்.

சிலிண்டருக்கு வீட்டுக்காரர் தேவையில்லை. வாடகை ஒப்பந்தமோ, வேறு முகவரிச் சான்றோ போதும். மின்சாரத்துக்குத் தனி மீட்டர் வேண்டுமென்றால் வீட்டுக்காரரின் ஒப்புதல், இல்லையென்றால் மேலே சொன்ன ஈட்டுறுதிப் பத்திரம். குழாய் எரிவாயு என்றால் சுவரில் துளையிட்டுக் குழாய் பதிக்க வேண்டும் என்பதால் வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் நடக்காது.

ஓசூரில் தொழிற்சாலை வேலைக்கு வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. முகவரிச் சான்று எதுவும் இல்லாவிட்டாலும் அடையாள அட்டை ஒன்றைக் காட்டி 5 கிலோ சிலிண்டரைச் சந்தை விலையில் வாங்கலாம். ஏஜென்சிகளிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கும். பெரிய சிலிண்டரிலிருந்து சின்ன சிலிண்டருக்குத் திருட்டுத்தனமாக நிரப்பித் தரும் கடைகளுக்குத் தயவுசெய்து போகாதீர்கள். ஒரே அறையில் ஆறு பேர் தூங்கும் இடத்தில் அப்படி நிரப்பிய சிலிண்டரை வைப்பது உயிரோடு விளையாடுவது.

புறம்போக்கில் வீடு. இரண்டும் கிடைக்குமா?

சிலிண்டருக்குத் தடை இல்லை. மின்சாரத்துக்கு, அரசு கேட்கும்போது இணைப்பைத் துண்டிக்கச் சம்மதம் என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டும். ஏரி, குளம், ஓடை போன்ற நீர்நிலைப் புறம்போக்கு என்றால் மின் இணைப்புக் கிடைக்காது. மின் கட்டண ரசீது இருந்தால் இடம் நமதாகிவிடும் என்று நம்பிக் கடன் வாங்கி வீடு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மின் இணைப்பு உரிமைச் சான்று ஆகாது.

சிலிண்டர் இணைப்புக்கு என்ன செலவு? அடுப்பையும் ஏஜென்சியில்தான் வாங்க வேண்டுமா?

14.2 கிலோ சிலிண்டருக்குத் திரும்பப் பெறத்தக்க முன்பணம் 2022 ஜூன் முதல் 2,200 ரூபாய். அதற்கு முன் 1,450ஆக இருந்தது. ரெகுலேட்டருக்கு 250 ரூபாய். இவற்றோடு நிரப்பிய எரிவாயுவின் விலை, ரப்பர் டியூப், புத்தகம், பொருத்துகூலி.

அடுப்பை அவர்களிடம் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. இதைத் தடித்த எழுத்தில் எழுதிக் கடைவாசலில் ஒட்டியிருக்கிறேன். “அடுப்பு எடுத்தால்தான் இணைப்பு” என்று ஓர் ஏஜென்சியில் சொன்னதை நம்பி, வட்டிக்கு வாங்கிய பணத்தில் வீட்டில் ஏற்கெனவே இருந்த அடுப்பைப் போலவே இன்னொன்றை வாங்கி வந்த தாயைப் பார்த்திருக்கிறேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள அடுப்பு எந்தக் கடையில் வாங்கியதாக இருந்தாலும் போதும். அது பாதுகாப்பாக இருக்கிறதா என்று அவர்கள் சோதிக்கலாம், அவ்வளவுதான். அரிசி, பருப்பு, சோப்பு என்று எதையும் சேர்த்துத் தலையில் கட்டவும் அவர்களுக்கு உரிமை இல்லை.

ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு, குடும்பத்தில் யார் பெயரிலும் இணைப்பு இல்லையென்றால், 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் முன்பணம் இல்லாமலே இணைப்புத் தரப்படுகிறது. விண்ணப்பம் பெண் பெயரில்தான் இருக்க வேண்டும். பிழைப்புக்காக ஊர் மாறி வந்தவர்கள் முகவரிக்குச் சுயஉறுதிமொழி தந்தால் ஏற்றுக்கொள்வார்கள்.

அண்ணன் தம்பி ஒரே வீட்டில் இருக்கிறோம். அண்ணன் பெயரில் சிலிண்டர் இருக்கிறது. எனக்குத் தனி இணைப்பு தருவார்களா?

அடுப்பு தனி என்றால் தருவார்கள். எரிவாயு வழங்கல் ஆணையில் குடும்பம் என்பது கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர் ஆகியோர் ஒரே சமையலறையோடு சேர்ந்து வாழ்வது. மணமான தம்பி தனியாகச் சமைத்தால் அவர் தனிக் குடும்பம். நடைமுறையில் குடும்ப அட்டை ஒன்றாகவே இருந்தால் கணினி தடுத்துவிடும். ஆகையால் முதலில் குடும்ப அட்டையைப் பிரியுங்கள், பிறகு ஏஜென்சிக்குப் போங்கள்.

மின்சாரத்திலும் இதே பேச்சுதான். தனிச் சமையல், தனி வாசல், தனி வயரிங் இருந்தால் தனி மீட்டர். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016 முதல் நடைமுறையில் இருப்பதால், ஒரே குடும்பம் இரண்டு மூன்று மீட்டர் கேட்பதை அலுவலகம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. உண்மையாகவே பிரிந்து வாழ்கிறவர்கள் நேரடி ஆய்வின்போது தனி அடுப்பைக் காட்டத் தயங்க வேண்டாம்.

எங்கள் ஊர் வழியாகத்தான் எரிவாயுக் குழாய் போகிறது. எங்கள் வீட்டுக்கு ஏன் தரவில்லை?

இந்தக் கேள்விக்குள் ஒரு வலி இருக்கிறது. கொச்சியிலிருந்து பெங்களூருக்குப் போகும், மத்திய அரசின் எரிவாயு நிறுவனமான கெயிலின் குழாய் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று ஏழு மாவட்ட விளைநிலங்கள் வழியாகத் திட்டமிடப்பட்டது. விவசாயிகள் எதிர்த்தார்கள். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகும்படி மாநில அரசு 2013இல் சொன்னது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், 2016 பிப்ரவரியில் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. குழாய்க்காக எடுக்கப்படும் நிலம் விவசாயி பெயரிலேயேதான் இருக்கும். ஆனால் 1962ஆம் ஆண்டின் குழாய்வழிச் சட்டப்படி அந்தப் பட்டையில் கட்டடம் கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. மாந்தோப்பை நம்பி வாழும் கிருஷ்ணகிரிக்காரருக்கு மரம் நடக் கூடாத நிலம் என்றால் என்ன பொருள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நிலம் கொடுத்தவர்கள், “எங்கள் அடுப்புக்காவது அது வருமா?” என்று கேட்பது முழுக்க நியாயம். ஆனால் அந்தக் குழாய் உயர் அழுத்தத்தில் ஊர்விட்டு ஊர் கொண்டுபோகும் பெருங்குழாய். உயர் மின்கோபுரத்திலிருந்து நேராக வீட்டுக்கு ஒயர் இழுக்க முடியாதல்லவா, அதைப்போலத்தான் இதுவும். பெருங்குழாயிலிருந்து அழுத்தத்தைக் குறைக்கும் நிலையம், அங்கிருந்து நகருக்குள் எஃகுக் குழாய், தெருவில் மஞ்சள் நிற பிளாஸ்டிக் குழாய், வீட்டுச் சுவரில் இரும்புக் குழாய், கடைசியில் மீட்டர். இந்த நகர வலையம் அமைக்க பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் தனியாக ஒரு நிறுவனத்துக்கு உரிமம் தரும். வலையம் விரியும்போது வீடுகள் நெருக்கமாக இருக்கும் நகரப் பகுதிகளுக்குத்தான் முதலில் வரும். அஞ்செட்டிக்கும் சித்தேரி மலைக்கும் இன்னும் பல காலம் சிலிண்டர்தான்.

உங்கள் தெருவில் மஞ்சள் குழாய் புதைக்கப்பட்டிருந்தால் விண்ணப்பியுங்கள். பதிவு, வீட்டை நேரில் ஆய்வு செய்தல், சுவரில் குழாய் பதித்தல், கசிவுச் சோதனை, மீட்டர் பொருத்துதல், கடைசியாக அடுப்பின் ஜெட்டை, அதாவது எரிவாயு வெளிவரும் சிறு துளையுள்ள திருகை, மாற்றுதல் என்று வேலை நடக்கும். சிலிண்டருக்கான ஜெட்டில் குழாய் எரிவாயு சரியாக எரியாது என்பதால் கடைசி வேலையை அவர்கள் ஆள்தான் செய்ய வேண்டும்.

எத்தனை நாளில் கிடைக்கும்?

மின்சாரத்துக்குச் சட்டம் நாள் குறித்திருக்கிறது. நுகர்வோர் உரிமை விதிகளில் மத்திய அரசு 2024இல் செய்த திருத்தப்படி, முழுமையான விண்ணப்பம் கிடைத்ததிலிருந்து பெருநகரங்களில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், கிராமங்களில் 15 நாள், மலைக் கிராமங்களில் 30 நாள். புதிதாகக் கம்பம் நட்டு லைன் இழுக்கவோ மின்மாற்றி வைக்கவோ வேண்டியிருந்தால் கூடுதல் காலம் எடுக்கும். “முழுமையான விண்ணப்பம்” என்ற இடத்தில்தான் நாட்கள் கரைகின்றன. ஒரு காகிதம் குறைந்தாலும் கணக்கு தொடங்காது. விண்ணப்ப எண்ணை வைத்து இரண்டு நாளுக்கு ஒருமுறை இணையத்தில் நிலையைப் பாருங்கள். திருத்தம் கேட்டிருப்பதே தெரியாமல் ஒரு மாதம் காத்திருந்தவர்கள் பலர்.

சிலிண்டர் பெரும்பாலும் சில நாட்களில் வந்துவிடும். ஆனால் தாமதமானால் நாளுக்கு இவ்வளவு அபராதம் என்று மின்சாரச் சட்டத்தில் இருப்பதைப்போல் இங்கே ஒரு பிடி கிடையாது. 43ஆம் பிரிவு மின் வழங்கும் நிறுவனத்துக்குத் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 1,000 ரூபாய் வரை தண்டம் விதிக்க இடம் தருகிறது. எரிவாயுவும் வீட்டுக்கு அடிப்படைத் தேவையாகிவிட்ட காலத்தில், அதற்கும் இப்படி ஓர் உரிமையைச் சட்டத்தில் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கட்டிய பணம் திரும்ப வருமா?

வைப்புத்தொகை வரும், கட்டணங்கள் வராது. மின்சார வைப்புத்தொகைக்கு ஆண்டுதோறும் வட்டி தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சிலிண்டர் முன்பணத்துக்கு வட்டி கிடையாது. இணைப்பை ஒப்படைக்கும்போது நீங்கள் கட்டிய அதே தொகைதான் கிடைக்கும். அதற்கு முதல் நாள் தந்த சந்தா ரசீது வேண்டும். எஸ்.வி. என்று ஏஜென்சியில் சொல்வது அதைத்தான். பலரும் அதைச் சமையலறை அலமாரியில் எண்ணெய்ப் பிசுக்கோடு வைத்துத் தொலைத்துவிடுகிறார்கள். பத்திரம் வைக்கும் உறையில் வையுங்கள்.

பணத்தை எங்கே கட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். மின் இணைப்புக்கான தொகை இணையத்திலோ அலுவலகக் கவுண்டரிலோ ரசீதோடுதான். “கம்பம் ஏறும் செலவு” என்று தனியாகக் கையில் வாங்கும் பணத்துக்குக் கணக்கில் இடமே இல்லை.

ஊர் மாறிப் போகிறேன். இணைப்பைக் கூடவே கொண்டுபோகலாமா?

மின் இணைப்பு அங்கேயே இருக்கும். வீட்டை விற்றால் வாங்கியவர் பெயருக்கு மாற்றிவிடுவது உங்களுக்கும் நல்லது, நாளை பாக்கி வந்தால் உங்கள் பெயர் இருக்காது. சிலிண்டர் உங்களோடு வரும். பக்கத்தில் மாறினால் முகவரி மாற்றம் போதும். தொலைவாகப் போனால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து முன்பணத்தை வாங்கிக்கொண்டு, மாற்றுச் சீட்டோடு புதிய ஊரில் அன்றைய முன்பணத்தைக் கட்ட வேண்டும்.

டீக்கடை வைக்கப்போகிறேன்.

இரண்டிலும் வணிகம் தனி. மின்சாரத்துக்கு வணிகக் கட்டணப் பிரிவில் இணைப்பு, எரிவாயுவுக்கு 19 கிலோ வணிக சிலிண்டர். வீட்டு சிலிண்டரைக் கடையில் வைத்திருந்தால் பறிமுதல் செய்வார்கள்.

கிணற்று மோட்டாருக்கு?

இது தனிக் கதை. விவசாய இணைப்புக்குக் கட்டணம் இல்லை என்பதால் பதிவு மூப்புப்படி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2021இல் ஒரு லட்சம் விவசாய இணைப்பு என்று அரசு அறிவித்தபோது நம் பக்கத்திலும் காத்திருந்த பலருக்குக் கிடைத்தது. தத்கல் முறையில் பணம் கட்டி முன்னதாகப் பெறுவதற்கு 5 குதிரைத்திறனுக்கு 2.5 லட்சம், 10 குதிரைத்திறனுக்கு 3 லட்சம் ரூபாய் என்று வைத்திருந்தார்கள். கடன் வாங்கித் தத்கலில் போகுமுன் ஆழ்துளைக் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்கிறதா என்று ஒரு சித்திரை மாதம் பொறுத்துப் பாருங்கள்.

மறுத்தாலோ இழுத்தடித்தாலோ யாரிடம் போவது?

மின்சாரத்துக்குப் படிப்படியாக வழி இருக்கிறது. பிரிவு அலுவலகத்து உதவிப் பொறியாளர், உபகோட்டத்து உதவி செயற்பொறியாளர், கோட்டத்துச் செயற்பொறியாளர், வட்டத்து மேற்பார்வைப் பொறியாளர். 94987 94987 என்ற மின்னகம் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் புகார் பதியலாம். அதிலும் தீராவிட்டால் வட்டந்தோறும் உள்ள மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதன் பிறகு சென்னையில் மின் குறைதீர்ப்பாளர். வக்கீல் தேவையில்லை, தெளிவாக எழுதிய ஒரு மனு போதும்.

சிலிண்டருக்கு மூன்று நிறுவனங்களுக்கும் பொதுவான கட்டணமில்லா எண் 1800 2333 555. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் எரிவாயு நுகர்வோர் குறைதீர் கூட்டத்துக்கும் போகலாம். அங்கே ஏஜென்சிக்காரர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பதால் பல விஷயங்கள் அன்றே முடிகின்றன. இரண்டு மாவட்டத்திலும் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

இணைப்பு வந்த அன்று நான் என்ன பார்க்க வேண்டும்?

மின்சாரம் என்றால் மீட்டர் எண்ணும் தொடக்க யூனிட்டும் அட்டையில் சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எர்த் கம்பி உண்மையாகவே மண்ணில் இறங்கியிருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். வெறும் கம்பியைச் சுவரோரம் மடக்கி விட்டுப்போகிறவர்கள் இருக்கிறார்கள். மெயின் பெட்டியில், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவி இருக்க வேண்டும். அதில் ‘T’ என்று ஒரு சின்னச் சோதனைப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் வீடே இருட்டாக வேண்டும். இருட்டாகவில்லை என்றால் வயர்மேனை அங்கேயே நிறுத்துங்கள்.

சிலிண்டர் என்றால் சீலை உடைக்கும் முன் எடை போடச் சொல்லுங்கள். காலி எடை சிலிண்டரிலேயே பொறித்திருக்கும், அதோடு 14.2 கிலோ கூட வேண்டும். கைப்பிடி வளையத்துக்குக் கீழே உள்ள பட்டையில் ஓர் எழுத்தும் ஆண்டும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். அந்தக் காலம் கடந்திருந்தால் மறுசோதனைக்குப் போக வேண்டிய சிலிண்டர் அது, வாங்காதீர்கள். அடுப்பு மேடையில், சிலிண்டர் தரையில் நிமிர்ந்து இருக்க வேண்டும். ஆரஞ்சு நிற டியூபை ஐந்து ஆண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

சிலிண்டர் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படுத்துக்கிடக்கும். குழாய் எரிவாயு இலேசானது, மேலே ஏறிவிடும். எனவே சிலிண்டர் வீட்டில் கதவைத் திறந்து தரைமட்டக் காற்று வெளியேற வழி செய்ய வேண்டும், குழாய் வீட்டில் மேல் ஜன்னல் எப்போதும் திறந்திருக்க வேண்டும். வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியே வந்து, சிலிண்டர் என்றால் 1906க்கும், குழாய் எரிவாயு என்றால் அந்த நிறுவனத்தின் அவசர எண்ணுக்கும் அழையுங்கள். அந்த எண்ணைச் சமையலறைச் சுவரில் கரிக்கட்டையாலாவது எழுதி வையுங்கள். கைபேசி உள்ளே மாட்டிக்கொண்டாலும் எண் நினைவில் இருக்கும், பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அழைக்கலாம்.